வெள்ளிக்கிழமைக் கோழி

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் ஆயா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஆயா யாரையும் மறிக்கிற ரகம் இல்லை. ஆடு வகுப்புக்குள் புகுந்து கரும்பலகை துடைக்கிற துணியைத் தின்றால்கூட, "பசிக்குது போல, பாவம்" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கிற மனுஷி.

"உள்ள வராதீங்க டீச்சர். பிள்ளைங்களையும் விடாதீங்க."

"ஏன் ஆயா, என்னாச்சு?"

"கோழிங்க செத்துக் கிடக்குது. ஒம்பது. நேத்து சாயங்காலம் தீனி வச்சப்போ ரெண்டுக்கு மட்டும் கொண்டை நீலமா இருந்துச்சு. குளிருன்னு நினைச்சேன். காலையில கூட்டைத் திறந்தா..." ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அது மூன்று அறையும் ஐந்து வகுப்பும் உள்ள ஆரம்பப் பள்ளி. மற்றொரு ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டதால் இரண்டு மாதமாக டீச்சர்தான் எல்லாம். பாடம் நடத்துவது, மணி அடிப்பது, மாதாந்திர அறிக்கை எழுதுவது, அடிபட்ட முழங்காலுக்கு மருந்து போடுவது, ஆடு தின்ற நோட்டுப் புத்தகத்துக்காகப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்பது. ஆமாம், அங்கே ஆடும் உண்டு. மூன்று ஆடு, இருபத்தாறு கோழி. நான்கு வருடத்துக்கு முன்னால் டீச்சர் இரண்டு கோழியோடு ஆரம்பித்தது. ஐந்து முட்டையில் இரண்டை எடுத்தால் எத்தனை என்று கரும்பலகையில் கேட்டபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், கூட்டில் கைவிட்டு நிஜ முட்டையை எடுத்தபோது கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். பிறகு ஒரு பெற்றோர் ஒரு பெண் ஆட்டைக் கொடுத்தார். அது குட்டி போட்டது. வகுப்புக்கு வரச் சொன்னால் அழுத பிள்ளைகள் லீவு நாளிலும் வாசலில் வந்து நின்றார்கள்.

எல்லாவற்றிலும் பேர்போனது வெள்ளிக்கிழமைக் கோழிதான்.

சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். ஆயா காலையும் மாலையும் வந்து தீனி போட்டுவிட்டுப் போவாள், அவ்வளவுதான். உடம்பு முடியாமல் தூங்கி வழிகிற கோழிக்கு அது போதாது. அதனால் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுணங்கிக் கிடக்கிற கோழியை, முறை வருகிற பிள்ளை மூடி போட்ட கூடையில் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கூடவே ஒரு நோட்டு. அதன் முதல் பக்கத்தில் டீச்சர் தன் குண்டு குண்டான கையெழுத்தில் ஐந்து கட்டளை எழுதியிருந்தாள். தண்ணீரைச் சொட்டு சொட்டாகக் கொடுக்கவும், எச்சத்தின் நிறத்தைக் குறிக்கவும், நடந்ததையெல்லாம் மணி போட்டு எழுதவும், பொய் எழுதக் கூடாது. ஐந்தாவது: 'உடம்போடு அணைத்துச் சூடாக வைத்துக்கொள்ளவும். ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது.'

திங்கட்கிழமை கோழி திரும்பும்போது டீச்சர் நோட்டைப் படித்து, சிவப்புப் பேனாவால் ஒரு ஸ்டார் போட்டு, கையெழுத்துப் போடுவாள். அந்த ஸ்டாருக்காகப் பிள்ளைகள் உயிரை விட்டார்கள். பார்க்க வந்த அதிகாரிகள் மெச்சினார்கள். டீச்சரும் தன்னைத்தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள், அதை மறைப்பதற்கில்லை.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் முறை வந்ததே இல்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் டீச்சரின் மகளுக்கு. தன் பிள்ளைக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு ஈ காக்கை சொல்லிவிடக் கூடாது என்பதில் டீச்சர் அவ்வளவு குறியாக இருந்தாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அந்தப் பெண் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். முறைப்பட்டியலில் அவள் பெயரே கிடையாது. "எனக்கு எப்போ?" என்று மகள் கேட்பதும், "உனக்குத்தான் நான் இருக்கேனே" என்று இவள் மழுப்புவதும் நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

ஒன்பதரை மணிக்கெல்லாம் கால்நடை டாக்டர் வந்துவிட்டார். கூடவே தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய நான்கு பேர். இரண்டு மைல் தள்ளியிருக்கும் பெரிய கோழிப்பண்ணையில் பறவைக் காய்ச்சல் என்று முந்தின நாள்தான் உறுதியாகியிருந்ததாம். மிச்சமிருக்கும் கோழிகளையும் கொன்று புதைத்தாக வேண்டும் என்றார். டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டுக்குள்ளிருந்து வந்த சிறகடிப்பைக் கேட்காதமாதிரி நின்றாள்.

"இங்கிருந்து கோழி எதுவும் வெளிய போகலையே?" டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு போயிருக்கு. வாத்து."

"வாத்தும் வளர்க்கிறீங்களா?"

"இல்ல சார், பேருதான் வாத்து. கோழிதான். சாஞ்சு சாஞ்சு நடக்கும், அதனால பிள்ளைங்க அப்படிப் பேரு வச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை சுணங்கிக் கிடந்துச்சு. ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எந்தப் பிள்ளை?"

"பார்த்துச் சொல்றேன் சார்."

"உடனே பாருங்க. இது மனுஷங்களுக்கு அவ்வளவு சுலபமா ஒட்டாது. ஆனா பிள்ளைங்களுக்கு ஒட்டிடுச்சுன்னா நெஞ்சைப் பிடிச்சுக்கும். காய்ச்சல் ஆரம்பிச்ச நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள மருந்து உள்ள போகணும். அதுக்கப்புறம் கொடுத்தா கேக்கும்னு சொல்ல முடியாது." அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பயப்படாதீங்க. கோழியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தாத்தான் ஆபத்து. அப்படியெல்லாம் யாரு செய்யப் போறாங்க?"

ஆட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பிய டீச்சர் அப்படியே நின்றாள்.

"செய்வாங்க சார். நான்தான் அப்படி எழுதிக் கொடுத்திருக்கேன்."

முறைப்பட்டியல் ஆட்டுக்கொட்டகையில் ஆணியில் தொங்கும். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆணி இருந்தது, பட்டியலில் மேல் கால்வாசி இருந்தது. மீதியைத் தின்றுவிட்டு ரப்பர் என்கிற ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. சின்னக் குட்டியாக இருந்தபோதே ஒரு டப்பா அழிரப்பரைத் தின்று பெயர் வாங்கிய பிராணி அது. வேறொரு நாளாக இருந்தால் பள்ளிக்கூடமே சிரித்திருக்கும். டீச்சர் அதன் வாயைப் பிடித்து இழுத்தாள். ஈரமாக ஒரு துண்டுக் காகிதம் வந்தது, எழுத்தே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை தன் கையால் கூடையைக் கொடுத்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்காது. அன்றைக்கு அறிக்கை அனுப்புகிற அவசரம். குனிந்த தலை நிமிராமல், "யாரு முறையோ எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். நான்கு வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள்.

யோசித்ததில், முறை ஓட்டைப்பல்லுடையது என்று ஞாபகம் வந்தது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்தமாதிரி இருக்கிற மூன்றாம் வகுப்புப் பையன். நல்லவேளை, வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கூட்டத்தோடு அவனும் நின்றுகொண்டிருந்தான். டீச்சர் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றே கேட்டாள்.

"வாத்து எங்கடா?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "என்கிட்ட இல்ல டீச்சர். முறையை மாத்திக்கிட்டோம்."

"மாத்திக்கிட்டீங்களா? யாரைக் கேட்டு?"

"எப்பவும் மாத்திக்குவோம் டீச்சர். கார் மாதிரி ஷார்ப்னர் கொடுத்தா. அதான் வாயாடிக்குக் கொடுத்துட்டேன்."

எப்பவும் மாத்திக்குவோம். தான் கோடு போட்டு வரைந்த பட்டியலுக்குக் கீழே இப்படி ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது டீச்சருக்குத் தெரியவே தெரியாது. கோபப்பட நேரமில்லை. வாயாடி அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பது மட்டும் நெஞ்சில் வந்து குத்தியது. மழை கொட்டினாலும் குடையோடு வந்து, குடையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற பெண் அவள். அவள் வரவில்லை என்றால்?

ஆயாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு டீச்சர் ஓடினாள். இந்த நாற்பது வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பார்த்தார். சந்தைக்குப் பின்னால் மாடிப்படி ஏறும்போது மூச்சு இரண்டாகப் பிளந்தது. கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அவள் அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அந்த அம்மாவுக்கு இருப்பதே அந்த ஒரு பெண்தானே.

வாயாடியின் அம்மா டெய்லர். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து சட்டைக் காலர் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு வாயாடி.

"வாங்க டீச்சர். என்ன இப்படி இரைக்குது உங்களுக்கு? இவளுக்கு ராத்திரியிலிருந்து பல்வலி, அதான் அனுப்பல."

டீச்சர் வாசலிலேயே நின்றாள். "காய்ச்சல் இருக்கா? நெத்தியைத் தொட்டுப் பாருங்க."

"காய்ச்சல் எல்லாம் இல்லையே. மிட்டாய் தின்னு சொத்தைப்பல்."

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். டெய்லரின் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக இறங்கியது.

"கோழி இங்க இல்லையே டீச்சர். இவ எதுவும் எடுத்துட்டு வரலையே. ஏண்டி, கோழி எங்க?"

வாயாடி வாயைத் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அந்தப் பெண் பேசாமல் இருந்தாள்.

"அம்மா தாயே," டீச்சர் அப்படியே வாசற்படியில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "யாருக்குக் கொடுத்த, சொல்லிடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்."

"சத்தியம் பண்ணிட்டேன் டீச்சர். சொல்ல மாட்டேன்னு."

"பரவாயில்ல, சொல்லு."

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, கொடுத்த வாக்கைக் காப்பாத்தணும்னு. போர்டுலகூட எழுதிப் போட்டீங்களே."

எழுதிப் போட்டவள்தான். டீச்சருக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டெய்லர் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்றியா, முதுகுல நாலு வைக்கட்டுமா?"

வாயாடி அழ ஆரம்பித்தாள். "யார்கிட்ட வேணா சொல்லலாமாம். டீச்சர்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம்."

தன்னிடம் மட்டும் ஏன் கூடாது என்று யோசித்துக்கொண்டே டீச்சர் தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டிப்போட்ட துணித்துண்டுகளுக்கு நடுவே அந்தத் தகரப் பெட்டி கண்ணில் பட்டது. இருபத்துநாலு கலர் பென்சில் பெட்டி. மூடியின் ஓரம் நசுங்கியிருந்தது. நசுங்கின இடம் கையைக் கிழிக்காமல் இருக்க யாரோ பச்சை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

யாரோ இல்லை. அவளேதான் சுற்றினாள். போன மாதம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டு மகளை அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். தொலைச்சுட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவில்லை. திட்டினதுக்குக் கோபம் என்று நினைத்தாள். இன்று காலை உடம்பு சரியில்லை என்று சுருண்டு படுத்தபோது, "கணக்குப் பரீட்சைன்னா உனக்கு உடம்பு சரியில்லாம போயிடுமே, நடிக்காதே" என்று சொல்லிவிட்டு, நெற்றியைக்கூடத் தொடாமல் கிளம்பி வந்தாள். டீச்சர் மகள் பரீட்சைக்கு மட்டம் போட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாதே என்பதுதான் வழியெல்லாம் அவளுக்குக் கவலையாக இருந்தது.

"டீச்சர்," டெய்லரும் பெட்டியைப் பார்த்துவிட்டாள். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

டெய்லர் ஊசிக்கடியில் இருந்த காலரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஸ்கூட்டரில் போகும்போது வீட்டுக்காரருக்கு ஏழு தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை. பஸ் டிப்போவில் இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற மெக்கானிக், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். டீச்சர் மணியை எண்ண ஆரம்பித்தாள். வேறென்ன தெரியும் அவளுக்கு, கழித்தல் கணக்கைத் தவிர. ஞாயிறு மத்தியானம் காய்ச்சல் ஆரம்பித்திருந்தால் இப்போது இருபத்துமூன்று மணி நேரம். நாற்பத்தெட்டில் இருபத்துமூன்று போனால் இருபத்தைந்து மிச்சம். ஆனால் சனிக்கிழமை ராத்திரியே, "குளிருதும்மா, உன் சால்வையைக் கொடேன்" என்று வந்து நின்றாளே. அது அவளுக்கா, கோழிக்கா? அவளுக்கு என்றால் எத்தனை மிச்சம்? சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கேட்டாள்? ஆறா, எட்டா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு அவளுக்கு வரவில்லை. திரும்பத் திரும்பத் தப்பாக வந்தது.

வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மெக்கானிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தார்.

"என்ன, பள்ளிக்கூடம் லீவா?"

"பாப்பா எங்க?"

"தூங்குறா. காலையிலிருந்து எழுந்திரிக்கல."

"எழுப்பிப் பார்க்கலையா நீங்க?"

"நீதான சொன்ன, நடிக்கிறா, கண்டுக்காதீங்கன்னு."

அறைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் அடித்தது. நேற்றே வந்த நாற்றம்தான். சாக்கடையில் எலி செத்திருக்கும், பாருங்க என்று இவள்தான் வீட்டுக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். மகள் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். போர்வையை விலக்கிக் கழுத்தில் கை வைத்தாள் டீச்சர். சுட்டது. மூச்சு குட்டிக் குட்டியாக, அவசர அவசரமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில், வயிற்றோடு சேர்த்து, டீச்சரின் பழுப்புச் சால்வையில் பொட்டலமாக ஒன்றை அணைத்திருந்தாள். சால்வைக்கு வெளியே மஞ்சள் கால் ஒன்று விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா. பாப்பா, இங்க பாரு."

பெண் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் யார் என்றே தெரியாததுபோல் பார்த்தாள். பிறகு எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"டீச்சர்," என்றாள்.

வீட்டில் ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"டீச்சர், எழுதியிருந்ததெல்லாம் செஞ்சேன். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடல. சூடாத்தான் வச்சிருக்கேன். இன்னும் கண்ணைத் திறக்க மாட்டேங்குது."

டீச்சர் பொட்டலத்தை உருவி எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வாயாடியின் அம்மா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். தலையணை இருந்த இடத்தில் நோட்டு கிடந்தது. ஏன் எடுத்தாள் என்று தெரியாமலே டீச்சர் அதை எடுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கால்நடை டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். முகமூடி போட்ட லேடி டாக்டர் வாசலிலேயே காத்திருந்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், விரல் நுனியில் கிளிப் மாட்டினாள், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ எண் சொன்னாள். அந்த எண் நல்லதா கெட்டதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

டீச்சர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உங்களைத்தான். எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியாச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் மருந்து எவ்வளவுன்னு முடிவு பண்ணணும்."

ஊர்ப்பிள்ளை ஐம்பத்துமூன்று பேருக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்று சொல்லக்கூடிய டீச்சர், தன் பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று தெரியாமல் நின்றாள். மெக்கானிக் தரையைப் பார்த்தார். பிறகு டீச்சர் கையில் இருந்த நோட்டைப் பிரித்தாள்.

முதல் பக்கத்தில் அவளுடைய ஐந்து கட்டளை. அடுத்த பக்கத்திலிருந்து, தேய்ந்த பென்சிலில், கோடு விலகாத கையெழுத்து. கலர் பென்சில்தான் எல்லாம் போய்விட்டதே.

'வெள்ளி மாலை 6. வாத்து வந்துவிட்டது. எனக்கு முதல் முறை. தண்ணீர் பத்துச் சொட்டு.

சனி காலை 7. எச்சம் பச்சை. சாப்பிடவில்லை. அம்மா திட்டினாள்.

சனி இரவு 8. வாத்துக்கு நடுக்கம். எனக்கும் குளிருது, தலை வலி. சால்வை வாங்கினேன்.

ஞாயிறு காலை 6. கண் திறக்கவில்லை. சூடாக வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் 2. ஜில்லென்று இருக்கிறது. சூடாக வைத்திருக்கிறேன்.

ஞாயிறு இரவு 9. எனக்கு ரொம்பச் சூடு. அதனால் வாத்துக்கு நல்லது.

திங்கள் காலை 7. டீச்சரிடம் எப்படிச் சொல்வது.'

"சனி ராத்திரி எட்டு," என்றாள் டீச்சர். அது தன் குரல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

லேடி டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. "நாப்பது. எட்டு மணி நேரம் இருக்கு. நல்லவேளை, பிள்ளை எழுதி வச்சிருக்கா." திரும்பி உள்ளே ஓடினாள்.

மருந்து உள்ளே போயிற்று. மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட தனி அறையில் மகளைப் படுக்க வைத்துக் கதவை அடைத்தார்கள். நாளைக்குக் காலையில்தான் ஏதாவது சொல்ல முடியும், நெஞ்சில் ஏற்கெனவே சளி கட்டியிருக்கிறது, அதற்குமேல் இப்போது எதுவும் கேட்காதீர்கள் என்றார்கள். டீச்சர், மெக்கானிக், டெய்லர் மூவருக்கும் மாத்திரை கொடுத்து முகமூடி மாட்டிவிட்டார்கள். வாயாடியையும் ஓட்டைப்பல்லையும் கூட்டி வர ஆள் போயிற்று.

நர்ஸ் ஒரு சிவப்புப் பையை விரித்துக்கொண்டு வந்தாள். சால்வை போயிற்று, பெண்ணின் சட்டை போயிற்று. "அந்த நோட்டையும் போடுங்க. எரிக்கணும்."

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

டீச்சர் கைப்பையில் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்தைத் திருப்பி ஐந்தாவது கட்டளையின்மேல் பேனாவை வைத்தாள். அடிக்க முடியவில்லை. எரிக்கப் போவதை அடித்து என்ன, அடிக்காமல் என்ன. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஸ்டார் போட்டாள். ஐந்து முனையும் கோணல்மாணலாக ஐந்து திசைக்குப் போயிற்று. கையெழுத்துப் போடுகிற இடத்தில் எப்போதும் போடுகிற கிறுக்கலைப் போடாமல், அம்மா என்று எழுதினாள்.

கண்ணாடியில் நோட்டை விரித்து அழுத்திப் பிடித்தாள். உள்ளே மகள் தலையை மெதுவாகத் திருப்பினாள். பார்த்தாளா, படித்தாளா தெரியாது. அவள் உடம்பு மட்டும் போர்வைக்குள் வெடவெடவென்று ஆடியது. இரண்டு கையும் வயிற்றின்மேல் எதையோ தேடித் தேடிப் பார்த்தது.

"சிஸ்டர், அவளுக்குக் குளிருது. நான் உள்ள போய்ப் பிடிச்சுக்கிறேன்."

"கூடாதும்மா. யாரும் போகக் கூடாது."

"கொஞ்ச நேரம். அணைச்சுக்கிட்டா நடுக்கம் நிக்கும். தனியா விடக் கூடாது சிஸ்டர், ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது."

"சொன்னாக் கேளுங்கம்மா. தொடவே கூடாது இப்ப." நர்ஸ் அவள் கையிலிருந்து நோட்டை மெல்ல உருவிப் பைக்குள் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

டீச்சர் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். கன்னம், நெஞ்சு, இரண்டு உள்ளங்கை, எல்லாவற்றையும் வைத்து அழுத்தினாள். கண்ணாடி ஜில்லென்று இருந்தது.